முதுகெலும்புக்கு ஜாக்கி போட்டவர்



எங்க சித்தப்பா கொத்தனார். போன வருஷம் சாரத்திலிருந்து தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்து போச்சு. ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எலும்பின் இரு பக்கமும் கம்பிகள், அவற்றைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள்! இது டாக்டர் வேலையா, ஃபிட்டர் வேலையா என்று மெக்கானிக்கல் மாணவனான எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. இந்த வழிக்கு அடித்தளம் போட்டவர்களைத் தேடினேன். அப்படி அறிமுகமானவர்தான் டாக்டர் பால் ஹாரிங்டன்.

1911-ல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் பிறந்தவர். கல்லூரி நாட்களில் கூடைப்பந்து வீரர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ டாக்டராகப் பணியாற்றிவிட்டு, ஹூஸ்டன் நகரில் எலும்பு மருத்துவரானார்.

அப்போது அங்கே போலியோ வாட்டி எடுத்த காலம். தசைகள் வலுவிழந்ததால் பல குழந்தைகளுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தது. நெஞ்சுக்கூடு ஒடுங்கி மூச்சுத் திணறியது. வழக்கமான வைத்தியம் உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு. மூச்சுக்கே போராடுகிற பிள்ளையின் நெஞ்சை மாவுக்கட்டில் இறுக்கினால் என்னாகும்? வெளியே கட்டுவதற்குப் பதில் உள்ளேயே முட்டுக் கொடுக்க முடியாதா என்று யோசித்தார் ஹாரிங்டன்.

முதலில் ஸ்குரூக்களை முடுக்கிப் பார்த்தார், நிற்கவில்லை. பிறகு பிறந்ததுதான் ஹாரிங்டன் ராடு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. கம்பியின் ஒரு முனையில் ராட்செட் பற்கள். கொக்கிகளை எலும்பில் மாட்டி, ஒவ்வொரு பல்லாக நகர்த்தினால் வளைவு நிமிரும். காருக்கு ஜாக்கி போடுகிற அதே சங்கதிதான்!

ஆனால் வெற்றி சுலபமாகக் கிடைக்கவில்லை. ஆரம்பத்தில் கம்பியை மட்டும் நம்பினார். சிலருக்குக் கொக்கி கழன்றது, சிலருக்குக் கம்பியே உடைந்தது. பல் வெட்டிய இடத்தில் ஸ்ட்ரெஸ் குவியும். மனிதன் குனிந்து நிமிர்ந்து நடக்க நடக்க லோடு மாறி மாறி விழும். ஃபெட்டீக் என்று நாம் பரீட்சைக்கு எழுதுவோமே, அதுதான் இது. ஹாரிங்டன் தோல்வியை மறைக்கவில்லை. டிசைனைத் திரும்பத் திரும்ப மாற்றினார். அதோடு எலும்புத் துண்டுகளை வைத்து, முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டி வளரவும் செய்தார். எலும்பு கூடும்வரை தாங்குவதே கம்பியின் வேலை என்று புரிந்துகொண்டார். 1962-ல் தம் அனுபவத்தை மருத்துவ இதழில் வெளியிட்டார்.

அதே ராடு முதுகெலும்பு முறிவுக்கும் உதவியது. நசுங்கிய எலும்பை அப்படியே விட்டால் நாளடைவில் முதுகு முன்பக்கம் சரிந்து கூன் விழலாம். வலியும் நரம்புத் தொல்லையும் தொடரலாம். முறிவுக்கு மேலும் கீழும் உள்ள நல்ல எலும்புகளில் கொக்கி மாட்டி உயரத்தை மீட்டு நிறுத்தினார்கள். அந்தச் சிகிச்சையின் பலன்களைச் சக மருத்துவர்கள் டிக்சன், எர்வின் ஆகியோருடன் சேர்ந்து 1978-ல் வெளியிட்டார். செத்துப்போன தண்டுவடத்தைக் கம்பி உயிர்ப்பிக்காது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

1980-ல் ஹாரிங்டன் மறைந்தார். அவர் ராடிலும் குறை இருந்தது. இடுப்புப் பகுதியின் இயற்கையான வளைவு தட்டையாகி, சிலரால் நேராக நிற்க முடியாமல் போனது. அந்தக் குறையை மனதில் வைத்துப் பின்வந்தவர்கள் புதிய கம்பிகளையும் ஸ்குரூக்களையும் உருவாக்கினார்கள். சித்தப்பாவின் எக்ஸ்ரேயில் நான் பார்த்தது அந்த வாரிசுகளைத்தான்.

ஆபரேஷனாகி இரண்டே மாதத்தில், உள்ளேதான் இரும்பு இருக்கே, இனி எனக்கென்ன என்று சிமெண்ட் மூட்டை தூக்கக் கிளம்பிவிட்டார் சித்தப்பா. உட்கார வைத்து, ஹாரிங்டனின் உடைந்த கம்பிக் கதையைச் சொன்னேன். கம்பி ஜெயிக்கணும்னா எலும்புக்கு டைம் கொடுக்கணும் சித்தப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு டாக்டர் சொல்லும்வரை மூட்டையைத் தொடவே இல்லை.

படித்த பாடம் வீட்டுக்கு உதவிய நாள் அது, நண்பர்களே!