ஜகார்த்தா தங்கத்துக்கு வித்திட்ட ஆசிரியர்: பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம்

ஹைதராபாத்: இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்று குறிப்பிடப்படும் 1950 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில் தேசிய அணியைப் பயிற்றுவித்தவர் சையத் அப்துல் ரஹீம். 1909-ஆம் ஆண்டு ஹைதராபாதில் பிறந்த அவர், இளமையில் உள்ளூர் அணிகளுக்காக ஆடியவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். வீரர்கள் அவரை ரஹீம் சாஹிப் என்றே அழைத்தனர்.

1943-இல் ஹைதராபாத் நகரக் காவல் அணியின் பயிற்சியாளரானார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ச்சியாக ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இரு கால்களாலும் ஆடப் பழகுவதும், பந்தைக் காலில் தேக்கிவைக்காமல் உடனுக்குடன் கடத்துவதும் அவரது பயிற்சியின் அடிப்படை.

1951-இல் புதுதில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என வீழ்த்தி இந்தியா தங்கம் வென்றது. அந்த மகிழ்ச்சி ஓராண்டே நீடித்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என்ற கணக்கில் இந்தியாவை நொறுக்கியது. வீரர்களில் பலர் குளிரில் வெறுங்காலுடன் ஆடியிருந்தனர். அதன் பின்னர் காலணி கட்டாயமாக்கப்பட்டது.

நான்கே ஆண்டுகளில் நிலைமை மாறியது. மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசௌசாவின் மூன்று கோல்களால் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணியானது இந்தியா. அரையிறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்தது இந்தியாவே என்றாலும், 4-1 என ஆட்டம் கைநழுவியது. இறுதியில் நான்காம் இடமே கிடைத்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸுடன் 1-1 என சமன் செய்தும் அணி அடுத்த சுற்றுக்கு முன்னேறவில்லை.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு ரஹீம் புறப்பட்டபோது புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. மைதானத்துக்கு வெளியேயும் சூழல் கொதித்தது. இஸ்ரேல், தைவான் நாட்டினருக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்தியப் பிரதிநிதி ஜி.டி. சோந்தி கண்டித்ததால், இந்தியர்கள் மீது உள்ளூர் மக்களின் கோபம் திரும்பியிருந்தது.

தாய்லாந்துடனான ஆட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. தற்காப்பு வரிசையில் அவர் பந்தைத் தலையால் முட்டுவது ஆபத்து. வெளியே உட்கார வைப்பதோ அணிக்கு இழப்பு. ரஹீம் அவரை முன்களத்துக்கு மாற்றினார். துணிச்சலும் ஆபத்தும் சம அளவில் கலந்த முடிவு அது. தோற்றிருந்தால் பழி முழுவதும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். தெற்கு வியட்நாமுடனான அரையிறுதியில் ஜர்னைல் ஒரு கோல் அடிக்க, 3-2 என இந்தியா வென்றது.

செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டம். எதிரணி அதே தென் கொரியா. காய்ச்சலிலிருந்து மீண்ட பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். அரங்கம் நிறைந்த ரசிகர்கள் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டனர். 17-ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜியும், அடுத்த மூன்று நிமிடங்களில் ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். கொரியாவால் இறுதிக் கட்டத்தில் ஒரு கோலை மட்டுமே திருப்ப முடிந்தது.

1963 ஜூன் 11-ஆம் தேதி, 53-ஆவது வயதில் ரஹீம் காலமானார். 2024-இல் வெளியான ‘மைதான்’ என்ற ஹிந்தித் திரைப்படம் அவரது வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டது. அவருக்குப் பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டிக் கால்பந்தில் இந்தியா தங்கம் வெல்லவில்லை. 1970-இல் பாங்காக்கில் கிடைத்த வெண்கலமே கடைசிப் பதக்கம். அந்த அணியின் கேப்டன் ஹைதராபாதைச் சேர்ந்த சையத் நயீமுதீன். பயிற்சியாளர்களில் ஒருவர், ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் முதல் கோலை அடித்த பி.கே. பானர்ஜி.