தவளைத் தட்டுக்கு கொட்டேஷன்

கொட்டேஷன் கேட்டா, மெட்டீரியல் விலையோட நிறுத்திடுறீங்களா? அப்போ ஜோசையா வெட்ஜ்வுட் கதை உங்களுக்குத்தான்.

1730-ல் இங்கிலாந்தின் பர்ஸ்லெமில், குயவர் வீட்டில் பிறந்தார். சின்ன வயசுல வந்த அம்மையால் முழங்கால் கெட்டு, 1768-ல் வலது காலையே எடுத்துட்டாங்க. அடுத்த வருஷமே எட்ரூரியா தொழிற்சாலையைத் திறந்தார்!

1772-ல் பண நெருக்கடி. களிமண்ணிலிருந்து கணக்கர் சம்பளம் வரை எழுதிப் பார்த்தார். சரக்கு கம்மியா செஞ்சாலும் சில செலவு குறையவே குறையாதுன்னு அப்போதான் பிடிபட்டது.

அடுத்து ரஷ்யப் பேரரசி கேத்தரினோட ஆர்டர்: 952 உருப்படிகள், தவளைச் சின்னம், கையால் வரைஞ்ச பிரிட்டன் காட்சிகள். மண் பாத்திரத்துக்கு ஆனது சொற்பம்; ஓவியக் கூலிதான் பணத்தை முழுங்குச்சு. லாபமும் பெருசா இல்லை. ஆனா 1774-ல் அனுப்புறதுக்கு முன்னாடி லண்டனில் காட்சிக்கு வெச்சார். இங்கிலாந்து ராணியே பார்க்க வந்தாங்க. அந்த விளம்பரத்தை உங்க கொட்டேஷன்ல எந்த வரியில எழுதுவீங்க?