அரசுகள் மாறினும் நிலைத்த கூடங்கள் – சேர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர்

பெரியோர் வரலாற்றை இம்மலரிலே தேடும் அன்பர்கள், நாம் ஓர் இரசாயனப் பேராசிரியரை அழைத்து வருவது கண்டு வியப்படையலாம். காரணம் உண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி ஒரு வர்த்தமானி அறிவித்தலால் தடுக்கப்பட்டதையும், அந்த ஆண்டு முடியுமுன்னரே அத்தடை நீக்கப்பட்டதையும் மலைநாட்டில் வாழும் நாம் கண்டோம். விவசாய விஞ்ஞானிகள் பலர் எச்சரித்திருந்தும், தேயிலை ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கத்திலே தலவாக்கலையில் இருந்தும், முடிவு வேறொரு மேசையிலே பிறந்தது. கொழுந்து குறைந்தபோது அதன் சுமை நம் தாய்மாரின் கூடைக்கு வந்தது. ஆட்சி ஆட்டங்காணும் வேளையில் விஞ்ஞானம் எதைப் பற்றிக்கொண்டு நிற்பது? இந்தக் கேள்வியோடுதான் பட்நாகரின் வாழ்க்கையை நாம் படிக்கத் தொடங்கினோம்.

அவர் 1894ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரிலே பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருக்கையிலேயே தந்தையை இழந்தார். தாய்வழிப் பாட்டனார் ஓர் எஞ்ஜினியர். அவர் வீட்டிலே கருவிகளோடும் பொறிகளோடும் விளையாடி வளர்ந்த பிள்ளைக்கு, பின்னாளில் எதையும் கையால் தொட்டுப் பார்த்தாலன்றித் திருப்தி வராத குணம் அங்கேதான் உண்டாகியிருக்க வேண்டும். லாகூரில் தயாள் சிங் கல்லூரியிலும், அதன்பின் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். மிஷன் பாடசாலையிலே படித்த நமக்கு இது சிறிது மகிழ்ச்சி தருகின்றது என்பதை மறைப்பானேன்? கல்லூரி நாட்களில் உருது நாடகம் எழுதினார், கவிதையும் எழுதினார். பின்னர் காசி இந்து சர்வகலாசாலையில் மூன்று ஆண்டுகள் பேராசிரியராக இருந்தபோது, அச்சர்வகலாசாலையின் கீதத்தை ஹிந்தியில் இயற்றியவரும் அவரே.

முதலாம் உலக யுத்தம் முடிந்ததும் உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்கா செல்லப் புறப்பட்டார். இங்கிலாந்து சேர்ந்தபோது, ஊர் திரும்பும் போர்வீரரால் அமெரிக்கக் கப்பல்கள் நிறைந்திருந்தன, இடம் கிடைக்கவில்லை. ஆகவே லண்டனிலேயே தங்கி, பேராசிரியர் டொனனிடம் ஆராய்ச்சி செய்து, 1921இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

1924 முதல் 1940 வரை லாகூரிலே அவர் பேராசிரியர். அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை மட்டும் கூறுவோம். அட்டொக் எண்ணெய்க் கம்பனியார் கிணறு தோண்டும்போது துளையில் ஊற்றிய சேறு, நிலத்தடி உப்பிலே பட்டதும் கல்லாய் இறுகி வேலையை நிறுத்திற்று. பட்நாகர் ஒருவகைப் பிசினைக் கலந்து அச்சேற்றை இளகவைத்தார். கம்பனியார் மகிழ்ந்து ஒன்றரை இலட்சம் ரூபாய் தர முன்வந்தனர். அதைத் தமக்கு வேண்டாமென்று கூறி, சர்வகலாசாலையின் ஆராய்ச்சிக்குச் செலுத்தும்படி செய்தார். தமக்காகப் பணம் கேளாதவர் பிறகு நாட்டுக்காகப் பணம் கேட்கும்போது மறுப்பது எவருக்கும் கடினமாயிற்று.

1939இல் இரண்டாம் யுத்தம் மூண்டது. இங்கிலாந்திலிருந்து பண்டங்கள் வருவது தடைப்பட்டதனால், இந்தியாவிலேயே கைத்தொழில் ஆராய்ச்சி நடத்தவேண்டிய நெருக்கடி ஆங்கில அரசாங்கத்துக்கு உண்டாயிற்று. அப்போது வணிகத்துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் தமிழரான ஆர்க்காடு இராமசாமி முதலியார். அவர் தலைமையில் 1940 ஏப்பிரலில் விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சிச் சபை அமைக்கப்பட்டது. பட்நாகர் அதன் இயக்குநரானார். ஆயுள் இரண்டே ஆண்டுகள். செலவுக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய். யுத்தத்துக்காகக் கட்டிய கூடாரம், யுத்தம் ஓய்ந்ததும் பிரிக்கப்படும் என்பதை அவர் நன்கறிவார். ஆய்வுகூடமோ கல்கத்தாவில் இருந்தது. ஜப்பானியரின் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி 1942இல் அதையும் டெல்லிக்கு மாற்ற நேர்ந்தது.

இங்கேதான் அவருடைய கெட்டித்தனத்தைக் காண்கிறோம். 1941 நவம்பரில் முதலியாரின் துணையுடன், ஆண்டுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வீதம் ஐந்தாண்டுக்கு ஓர் ஆராய்ச்சி நிதியை மத்திய சட்டசபை ஏற்கச் செய்தார். அதன்மேல், அரசாங்க இலாகாவாக அன்றி, 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஒரு சங்கமாக விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் அமைந்தது. நம் மன்றத்தின் யாப்பை எழுதப் பாடுபட்ட மூத்தோருக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும். இலாகாவை ஓர் உத்தரவால் கலைக்கலாம். யாப்பும் நிதியும் ஆளும் குழுவும் உள்ள சங்கத்தைக் கலைப்பது அவ்வளவு எளிதன்று.

அம்மன்றம் இயங்கத் தொடங்கிய நாள் 1942 செப்டெம்பர் 26. தேதியைக் கவனியுங்கள். ஏழு வாரங்களுக்கு முன்னர்தான் வெள்ளையனே வெளியேறு என்னும் கிளர்ச்சி மூண்டு, நேரு முதலிய தலைவர்கள் சிறை புகுந்தனர். பட்நாகரோ முந்திய ஆண்டில் சேர் பட்டம் பெற்றவர். ஆளும் வெள்ளையரின் அலுவலாளர். தேசம் கொதித்த நேரத்தில் அவர் நடந்துகொண்டது சரிதானா என்று நம் நண்பர்களுக்குள்ளே வாதம் நடந்ததுண்டு. நாம் அவரைக் குறைகூறத் துணியோம். ஆயினும் அந்தக் கேள்வி நியாயமற்றது என்றும் கூறமாட்டோம்.

ஆட்சி கைமாறிய ஆண்டுகளில் சங்கத்தின் வலிமை தெரிந்தது. 1946இல் இடைக்கால அரசாங்கம் வந்தது. நவம்பரில் ஜம்ஷெட்பூரில் உலோக ஆராய்ச்சிக் கூடத்துக்கு இராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 ஜனவரியில் டெல்லியில் பௌதிகக் கூடத்துக்கு நேரு நாட்டினார். அவ்வாண்டு ஆகஸ்டில் நாடு இரண்டாயிற்று. பதினாறு ஆண்டுகள் பட்நாகர் கட்டி வளர்த்த லாகூர் ஆய்வுகூடம் எல்லைக்கு அப்பால் போயிற்று. பிறந்த ஊரும் போயிற்று. முந்திய ஆண்டுதான் மனைவியார் லாஜவந்தி மறைந்திருந்தார். அகதிகள் இலட்சக்கணக்கில் டெல்லியில் குவிந்த அந்நாளிலும், ஆராய்ச்சிக் கூடங்களின் கட்டட வேலை நிற்கவில்லை. பிரதமர் நேருவே மன்றத்தின் தலைவரானார். 1948இல் விஞ்ஞான ஆராய்ச்சிக்குத் தனி இலாகா. 1951இல் அதுவே இயற்கை வள, விஞ்ஞான ஆராய்ச்சி அமைச்சு. பெயர்ப்பலகைகள் மாறின; செயலாளர் நாற்காலியில் இருந்தவர் பட்நாகரே.

புதிய கட்டடத்துக்குப் பணமில்லாத இடத்தில் பழைய அரண்மனைகளைப் பிடித்தார். லக்னோவில் நவாபுகளின் சத்தர் மன்சில் மருந்து ஆராய்ச்சிக்கும், மைசூரில் செலுவாம்பா மாளிகை உணவு ஆராய்ச்சிக்கும் இடமாயின. தமிழ்நாட்டிலே, நம்மிற் பலருடைய பூட்டன்மார் கப்பலேறப் புறப்பட்ட சீமையாகிய காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்ட, மின்இரசாயன ஆராய்ச்சிக் கூடம் 1953இன் பொங்கல் நாளிலே இராதாகிருஷ்ணனால் திறக்கப்பட்டது. வானம் பார்த்த அந்தச் செம்மண்ணிலே இப்படியொரு கூடம் எழும் என்று யார் எண்ணியிருப்பார்!

எதிர்ப்பும் இல்லாமலில்லை. சர் சி. வி. இராமன் இக்கூடங்களைக் கடுமையாகக் கண்டித்தார். 1952இல் பாராளுமன்றம் புகுந்த மேகநாத சாகா, சர்வகலாசாலைகளைப் பட்டினி போட்டுவிட்டு ஆராய்ச்சியைத் தனிக் கூடங்களுக்குக் கொண்டுபோவது தவறென்று வாதிட்டார். மாணவராகிய நமக்குச் சாகாவின் பக்கம் மனம் சாய்வது இயல்பே. வேறொரு குறையும் உண்டு: எல்லாம் நேருவின் நட்பிலும் பட்நாகரின் ஓயாத கால்களிலும் தங்கியிருந்தது. யாப்பு எழுதிய சங்கத்துக்கும் ஓடியாடும் செயலாளர் ஒருவர் வேண்டியிருக்கிறதே!

நம் நாட்டை ஒப்பிட்டால், இங்கும் 1955இல் சட்டத்தின் மூலம் இலங்கை விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1998இல் அதன் பெயர் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் என மாறிற்று. 1968இல் வந்த தேசிய விஞ்ஞானப் பேரவை, 1981இல் இயற்கை வளங்கள், சக்தி, விஞ்ஞான அதிகாரசபையாகி, 1998இல் தேசிய விஞ்ஞான மன்றமாயிற்று. அமைச்சுக்களோ தேர்தலுக்குத் தேர்தல் பிரிந்தன, சேர்ந்தன. விளக்கின் பெயரை மாற்றிக்கொண்டிருப்பவருக்கு எண்ணெய் ஊற்ற நேரம் இருக்குமா?

1953இல் சர்வகலாசாலை மானியக் குழுவுக்கும் பட்நாகர் முதல் தலைவரானார். ஓய்வு என்பதை அறியாத அந்த உடம்பு அதிக நாள் தாங்கவில்லை. 1955 ஜனவரி முதலாம் நாள் டெல்லியிலே மாரடைப்பால் மறைந்தார், வயது அறுபது. அவர் காலத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு தேசிய ஆராய்ச்சிக் கூடங்கள் எழுந்திருந்தன. சிறந்த விஞ்ஞானிகளுக்கு அவர் பெயரால் அளிக்கப்பட்டு வந்த பரிசும் பின்னாளில் சீரமைப்புக்குத் தப்பவில்லை. 2024 முதல் வேறொரு விருதுத் திட்டத்தினுள் இளைஞருக்கான பகுதியாக அது வழங்கப்பட்டு வருகிறது. பெயரின் பின்பாதியில் பட்நாகர் இன்னும் இருக்கிறார்.