சென்னை டு மங்களூர்: லாம்டன் அளந்த 360 மைல்

சென்னையிலிருந்து மங்களூருக்கு ஃப்ளைட்ல எவ்வளவு நேரம்னு போன்ல தட்டிப் பாருங்க. சுமார் ஒன்றரை மணி நேரம்னு வரும். வான்வழித் தூரம் ஏறக்குறைய 575 கிலோமீட்டர். நேரம் காத்தைப் பொறுத்து மாறும், தூரம் மாறாது. பழவேற்காட்டு மீனவர் குப்பங்கள்ல கேட்டா நல்லா விளக்குவாங்க. ஏரி முகத்துவாரத்தை மணல் மூடிட்டா, பக்கத்துல இருக்குற கடலுக்குப் போறதே பெரும்பாடு.

தென்னிந்தியாவில் அந்த மாறாத தூரத்தைத் துல்லியமா அளந்தவர் வில்லியம் லாம்டன். யார்க்‌ஷயர்ல பிறந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி. அமெரிக்கப் போர்ல சிறைப்பட்டு, பிறகு பல வருஷம் கனடாவில் கிடந்து, நாற்பது வயசு தாண்டித்தான் இந்தியா வந்தார். 1799ல் திப்புவுக்கு எதிரான போர். ஒரு ராத்திரி படை தெற்கே போறதா நினைச்சு வடக்கே, எதிரி பக்கமே நடந்துக்கிட்டிருந்தது. நட்சத்திரத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிச்சவர் இவர்தான்.

போர் முடிஞ்சதும் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை அளக்கத் திட்டம் கொடுத்தார். மதராஸ் நிதிக்குழுவில் ஒருத்தருக்குக் கடுப்பு. ஸ்ரீரங்கப்பட்டணம் போகணும்னா பல்லக்குத் தூக்குறவங்ககிட்ட சொன்னாப் போதுமே, இதுக்கெதுக்கு சர்வேன்னு கேட்டாராம். பயண நேரம் தெரிஞ்சா போதும்னு நினைக்கிற ஆள் அன்னைக்கே இருந்திருக்கார்!

1802 ஏப்ரல், மே. நம்ம ஊர் வெயில் உங்களுக்கே தெரியும். பரங்கிமலை பக்கத்துல ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோடு. 100 அடி இரும்புச் சங்கிலியைக் கிட்டத்தட்ட 400 தடவை போட்டாங்க. சூட்டுல இரும்பு நீளும் இல்லையா? அதனால சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள்ள வெச்சு, தெர்மாமீட்டர் பார்த்து, கணக்குல திருத்தம் செஞ்சாங்க. அதுக்கப்புறம் சங்கிலி அதிகம் வேண்டாம். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிஞ்சா மத்த ரெண்டு பக்கமும் வந்துடும்: நாம ஸ்கூல்ல படிச்ச அதே சைன் விதி. முக்கோணம் மேல முக்கோணமா, பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டு, மங்களூர் பக்கத்துக் கடற்கரையைத் தொட்டார். 400 மைல்னு வரைபடங்கள் காட்டிய அகலம் 360 மைல்தான்! அது 579 கிலோமீட்டர். மேலே சொன்ன விமானத் தூரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க.

கோணம் அளந்த தியோடலைட் அரை டன் எடை. 1808ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்து மேல ஏத்தும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி, அளவு வளையம் நெளிஞ்சுபோச்சு. வேற ஆளா இருந்தா வேலையையே விட்டிருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள்ள ஆறு வாரம் அடைஞ்சு கிடந்து, கொஞ்சம் கொஞ்சமா இழுத்து வளையத்தை மறுபடி வட்டமாக்கினார்.

அதோட குமரி முனைப் பக்கமிருந்து வடக்கே ஒரு நெடுங்கோடும் அளந்துக்கிட்டே போனார். காட்டுக் காய்ச்சல் பலரைக் கொண்டுபோனது. குன்றுகள் மேல கொடி பிடிச்சு நின்ன நம்ம ஆட்கள்ல பெரும்பாலோர் பேர்கூட பதிவாகல. 1823 ஜனவரி 20, நாக்பூர் போற வழியில் ஹிங்கன்காட்டில் லாம்டனும் இறந்தார். வேலையைத் தொடர்ந்தவர், 1818லேயே உதவியாளராச் சேர்ந்திருந்த ஜார்ஜ் எவரெஸ்ட். சிகரத்துக்குப் பேர் அவரோடது.