கோழியிடம் பாடம் கேட்ட மருத்துவர்

கோழிப்பண்ணை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் நம் நாமக்கல், சேலம் பகுதிக் கல்லூரிகளில் பலர் உண்டு. மக்காச்சோளம் விலை ஏறும்போதெல்லாம் அவர்கள் வீட்டுப் பேச்சு என்னவென்று நண்பர்கள் அறிவர். கம்பைக் கூட்டலாமா, குருணை போடலாமா, எண்ணெய் எடுத்த தவிட்டை இன்னும் எத்தனை கிலோ சேர்க்கலாம் என்பதே அது. மலிவு என்று நாம் கருதும் அந்தத் தவிட்டையும் கோழியையும் வைத்துக்கொண்டு, மனிதனைக் கொன்ற ஒரு நோயின் காரணத்துக்கு வழிகாட்டியவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் கிறிஸ்டியான் ஐக்மான்.

ஹாலந்து நாட்டின் நைகெர்க் என்னும் சிற்றூரில் 1858 ஆகஸ்டு 11 அன்று, பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் ஏழாவது பிள்ளையாகப் பிறந்தார். ஆம்ஸ்டர்டாமில் இராணுவ மருத்துவம் பயின்று 1883-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறினார். மலேரியா இரண்டே ஆண்டுகளில் அவரைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பியது. 1886-இல் மனைவியையும் இழந்தார். சோர்ந்து முடங்கவில்லை, பெர்லின் சென்று இராபர்ட் காக்கிடம் நுண்ணுயிரியல் கற்றார்.

அந்நாளில் சாவகத் தீவில் பெரிபெரி என்னும் நோய் படைவீரரையும் கைதிகளையும் வாரிக்கொண்டு போயிற்று. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், உடல் வீங்கும், முடிவில் இதயம் ஓய்ந்துவிடும். காரணம் கிருமியே என்று எல்லாரும் நம்பிய காலம் அது. அதைத் தேடச் சென்ற குழுவில் ஐக்மானும் சேர்ந்தார். குழுவினர் ஊர் திரும்பிய பின், 1888-இல் பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) ஆய்வுக்கூடத்தின் தலைவரானார்.

சோதனைக்கு அவர் கோழிகளை வாங்கி வைத்திருந்தார். 1889-இல் அவை தள்ளாடத் தொடங்கின. கால் மடங்கி விழுந்தன, சில மடிந்தன. நோயாளியின் இரத்தம் ஏற்றப்பட்ட கோழிக்கும் ஏற்றப்படாத கோழிக்கும் ஒரே கதி! ஐக்மான் திகைத்திருந்தபோதே, நவம்பர் இறுதியில் நோய் தானாக மறைந்துவிட்டது. வேறொருவராயிருந்தால் தொல்லை விட்டது என்று இருந்திருப்பார். அவரோ கோழிகள் என்ன தின்றன என்று விசாரித்தார். செலவு மிச்சம் என்று ஆய்வுக்கூடப் பணியாளர் இராணுவ மருத்துவமனையில் மீந்த வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார். பின்னர் வந்த புதிய சமையற்காரர், இராணுவத்துச் சோறு இராணுவத்தைச் சேராத கோழிகளுக்கு இல்லை என்று மறுத்துவிட்டார்! கோழிகள் மீண்டும் தீட்டாத மட்ட அரிசிக்குத் திரும்பின, பிழைத்தன. அந்தச் சமையற்காரரின் கறார்த்தனத்துக்கு மருத்துவ உலகம் கடன்பட்டிருக்கிறது.

அதன்பின் ஐக்மான் ஆண்டுக்கணக்கில் சோதனை செய்தார். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் சில வாரங்களில் நோயுற்றன. அதனோடு தவிட்டைச் சேர்த்துக் கொடுத்ததும் தேறின. ஆனால் அவர் கொண்ட விளக்கம் பிழையானது. மாவுப்பொருளில் ஏதோ நஞ்சு உண்டென்றும் அதற்கு மாற்று மருந்து தவிட்டில் உள்ளதென்றும் எண்ணினார். தவிட்டில் உள்ள இன்றியமையாத ஒரு பொருள் உணவில் குறைவதே நோய் என்று 1901-இல் சொன்னவர், அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ். விளக்கம் தவறினாலும் கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தாரே, அதுவே அவர் பெருமை என்பது என் கருத்து.

கோழிக்குச் சரி, மனிதனுக்கு? அவருடைய நண்பர் ஃபோர்டர்மான் சாவகத்தின் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி உண்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் நோயாளி. தீட்டாத அரிசி உண்ட சிறைகளில் பதினாயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. நம் சென்னை மாகாணத்திலும் ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. தமிழகம் பெரும்பாலும் தப்பியது புழுங்கலரிசியால்தான். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அவித்த நம் பாட்டிமாருக்கு நோபல் பரிசு தருவார் இல்லை!

1896-இல் உடல் நலிந்து நாடு திரும்பிய ஐக்மான், 1898 முதல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1926-இல் யான்சன், டோனாத் இருவரும் அதே பட்டாவியாவில் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். அதுவே வைட்டமின் பி-1. 1929-இல் ஹாப்கின்ஸுடன் ஐக்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாக்ஹோம் செல்ல உடல் இடங்கொடுக்கவில்லை. 1930 நவம்பர் 5 அன்று உட்ரெக்டில் மறைந்தார்.

அச்சத்தை 1936-இல் இரசாயன முறையில் ஆக்கிக் காட்டிய இராபர்ட் வில்லியம்ஸ் நம் பழைய மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். இச்சத்து நீரில் கரைவது. ஆதலால் எண்ணெய் எடுக்கையில் தவிட்டை விட்டு எண்ணெயோடு போய்விடுவதில்லை. ஆயினும் நார்ச்சத்து மிகுதி என்பதால் தவிட்டைக் கோழிக்கு அளவோடுதான் சேர்க்கின்றனர். சத்துக் குறையாதிருக்கத் தீவன ஆலைகளில் கலக்கும் வைட்டமின் தூளில், ஆலையில் செய்த பி-1-உம் சேர்ந்திருக்கிறது.