கணக்குப் பதிவியல் படித்த பறவை மனிதர்



நம் சங்கத்தின் கூட்டம் எதற்காகக் கூடினாலும் பேச்சு கடைசியில் பால்கனி புறா வலையில் வந்து நிற்கிறது. ஆகவே இந்தக் காலாண்டு ஒரு பறவை மனிதரைப் பற்றியே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். சலீம் அலி என்ற பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவர் வணிகச் சட்டமும் கணக்குப் பதிவியலும் படித்தவர் என்பது தெரியுமா? பி.காம். முடித்து வங்கியில் லெட்ஜரோடு காலத்தை ஓட்டிய எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தவர், பெற்றோரைச் சிறு வயதிலேயே இழந்தார். வளர்த்தவர் மாமா அமிருதீன் தயாப்ஜி. பையன் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். அதன் தொண்டையில் மஞ்சளாக ஒரு தீற்று. இது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்ற வெள்ளைக்காரர், பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார். அன்றைக்குப் பிடித்தது, 90 வயது வரை விடவில்லை.

படிப்பில் சுமார்தான். பர்மாவில் குடும்பத்தின் சுரங்கத் தொழிலைக் கவனிக்கப் போய், காட்டில் பறவை பார்த்துக்கொண்டிருந்தார், தொழில் நொடித்தது. ஊர் திரும்பித்தான் கணக்குப் படிப்பு. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசு விலங்கியல் துறை வேலை கிடைக்கவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் மாதம் 350 ரூபாய்க்கு ஒரு வேலை கிடைத்தது. விடுப்பெடுத்து ஜெர்மனிக்குப் போய்ப் பறவையியல் பயின்று 1930-இல் திரும்பினால், பணம் இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்! நாமாக இருந்தால் அந்தக் கணக்குப் படிப்பை வைத்து ஏதாவது ஒரு ஆபீசில் நுழைந்திருப்போம். அவர் மனைவி தெஹ்மினாவோடு கீஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போய்த் தூக்கணாங்குருவிக் கூடுகளை உட்கார்ந்து கவனித்தார். பிறகு ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு. செலவுக்குப் பணம் கொடுத்தால் போதும், சம்பளம் வேண்டாம் என்று செய்து கொடுத்தார். கூடவே அலைந்த தெஹ்மினா 1939-இல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இனி பரத்பூர். ராஜஸ்தானில் உள்ள இந்த ஏரி மகாராஜாவின் வாத்து வேட்டைக் களம். 1938 நவம்பர் 12, அதாவது சலீம் அலியின் பிறந்த நாளன்று, வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு ஏரியை வடித்து விவசாயத்துக்குக் கொடுக்கச் சொல்லிக் கோரிக்கை எழுந்தபோது, நேரு வரை போய்ப் பேசித் தடுத்தவர் சலீம் அலி. சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான் வழியாகப் பறந்து வந்த சைபீரியக் கொக்குகளுக்கு இந்தியாவில் பேர்சொல்லும் குளிர்கால இடமாக இருந்தது அதுதான். உலகிலேயே அழியும் விளிம்பில் நிற்கும் பறவைகளில் அதுவும் ஒன்று.

1980களின் தொடக்கத்தில் பரத்பூர் தேசியப் பூங்கா ஆனது. எருமை மேய்ச்சலுக்கு அரசு தடை போட்டது. சலீம் அலியும் அதை ஆதரித்தார். தலைமுறை தலைமுறையாக மேய்த்து வந்த கிராமத்தவர் எதிர்த்தார்கள். 1982-இல் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. பின்னால் என்ன தெரிந்தது தெரியுமா? எருமைகள் தின்றுகொண்டிருந்த புல் தடையில்லாமல் வளர்ந்து நீர்ப்பரப்பையே மூடிக்கொண்டது. கொக்குகள் தோண்டித் தின்னும் கோரைக் கிழங்கு எட்டாமல் போனது. இதை வெளிக்கொண்டு வந்தது வேறு யாருமல்ல, அவருடைய பம்பாய்க் கழகமே பத்தாண்டு நடத்திய ஆய்வு. முடிவு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. தங்கள் பெரியவர் ஆதரித்த முடிவு தவறு என்று அவருடைய ஆட்களே எழுதிவைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் செத்தவர்களின் வீட்டில் அந்த அறிக்கையை என்ன செய்ய?

கொக்குகள் குறைந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. வழியில் நடந்த வேட்டையும் பெரிய காரணம். கூண்டில் வளர்த்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 2002 குளிர்காலத்துக்குப் பிறகு பரத்பூரில் அந்தக் கொக்கைக் காணவில்லை.

அவர் மனத்துக்கு நெருக்கமான இன்னொரு பறவை கானமயில். தேசியப் பறவையாக இதைத்தான் வைக்க வேண்டும் என்று விரும்பினார்; 1963-இல் மயில் அந்த இடத்தைப் பிடித்தது. மயிலுக்கு ஆதரவு தேவையில்லை, கானமயிலுக்குத்தான் தேவை என்பது அவர் கணக்கு. கணக்கு சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு பருவத்துக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை, அதையும் தரையில் இடும். தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்து மறைந்த பறவை இது. இன்று நாடு முழுவதும் 150-க்கும் கீழே என்கிறார்கள். பறக்கும்போது உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதிச் சாகின்றன. கம்பியைப் பூமிக்கு அடியில் கொண்டுபோவது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

1976-இல் கெட்டி பரிசாக வந்த 50,000 டாலரை அவர் இயற்கைப் பாதுகாப்புக்கே கொடுத்துவிட்டார். 1985-இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினர் ஆனார். 1987 ஜூன் 20 அன்று காலமானார். மூன்றாண்டு கழித்து மத்திய அரசின் ஆதரவில் அவர் பெயரில் பறவை ஆய்வு மையம் தொடங்கியது. அது நம் கோவைக்குப் பக்கத்தில் ஆனைகட்டியில்தான் இருக்கிறது.

2019 முதல் ஜெய்சல்மேர் பக்கம் வனத்துறையினரும் அரசு விஞ்ஞானிகளும் காட்டிலிருந்து கானமயில் முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் பொரிக்க வைக்கிறார்கள். 2024-இல் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சு பொரித்தது.