கடலுக்கு ஈடு கொடுத்த சுண்ணாம்பு

இங்கிலாந்தின் தென்மேற்கே, பிளிமத் துறைமுகத்திலிருந்து சுமார் 14 மைல் தொலைவில், நடுக்கடலில் எடிஸ்டன் என்ற பாறைக்கூட்டம் இருக்கிறது. அதில் மோதி உடைந்த கப்பல்கள் ஏராளம். 1698-ல் அங்கே ஒளி வீசத் தொடங்கிய முதல் கலங்கரை விளக்கத்தை 1703-ம் வருஷத்துப் புயல் அடியோடு கொண்டுபோயிற்று. அதைக் கட்டிய ஹென்றி வின்ஸ்டன்லியும் அதனுடனேயே மாண்டார். அடுத்து எழுந்த விளக்கம் பெரும்பாலும் மரத்தாலானது, 1755-ல் தீக்கிரையாயிற்று. மூன்றாவதைக் கட்டும் பொறுப்பு 31 வயது வாலிபர் ஜான் ஸ்மீட்டனிடம் வந்தது.

1724-ல் லீட்ஸ் நகருக்கு அருகே பிறந்தவர் ஸ்மீட்டன். தந்தை வக்கீல். மகனையும் சட்டம் படிக்க லண்டனுக்கு அனுப்பினார். மகனின் மனமோ யந்திரங்களிலேயே லயித்திருந்தது. சட்டத்தை விட்டு, விஞ்ஞானக் கருவிகள் செய்யும் தொழிலில் இறங்கினார். 1753-ல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றது.

எடிஸ்டனில் அவரை மலைக்க வைத்தது சாந்துப் பிரச்னை. சாதாரணச் சுண்ணாம்பு காற்றுப்பட்டால்தான் இறுகும். பாறையிலோ, வற்றிய கடல் சில மணி நேரத்தில் திரும்பிவிடும். பூசிய சாந்து கரைந்தால் கோபுரம் ஏது?

பல ஊர்ச் சுண்ணாம்புகளை வரவழைத்தார். இரண்டங்குல உருண்டைகளாகப் பிடித்துத் தண்ணீரில் போட்டார். கல் எவ்வளவு கடினமோ அவ்வளவு உறுதி சுண்ணாம்புக்கும் உண்டு என்பது அக்கால நம்பிக்கை. அது பொய்த்தது. வேல்ஸ் பகுதியின் அபர்த்தா சுண்ணாம்பு மட்டும் கரையாமல் நின்றது. பிளிமத் ரசாயனப் புலவர் வில்லியம் குக்வொர்த்தி கற்றுக்கொடுத்தபடி அந்தக் கல்லை அமிலத்தில் கரைத்தார். அடியில் களிமண் தங்கியது. ரகசியம் வெளிப்பட்டது: தண்ணீரில் இறுகும் குணத்தைத் தருவது கல்லோடு கலந்திருக்கும் களிமண்ணே!

அபர்த்தா சுண்ணாம்புடன், இத்தாலியிலிருந்து வந்த பொசொலானா என்ற எரிமலைச் சாம்பலைச் சம பங்கு கலந்தார். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி செதுக்கிய கற்களை அடுக்கினார். 1759 அக்டோபர் 16-ம் தேதி இரவு, அங்கே 24 மெழுகுவர்த்திகள் சுடர்விட்டன.

இன்று உலைச்சாம்பலும், இரும்பு உலைக் கசடும் சிமெண்டில் கலக்கப்படுவது அதே வழியில்தான். கடலுப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவி உள்ளே உள்ள கம்பியை அரிக்கும். சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் கால்சியம் சிலிக்கேட்டின் மேற்பரப்பு, அந்தக் குளோரைடில் ஒரு பகுதியைப் பற்றிக்கொள்கிறது. கலவையில் அலுமினா மிகுந்தால் இன்னும் ஒரு பகுதி உப்பாக மாறிச் சிறைப்படுகிறது. அந்த உப்பை 1897-ல் விவரித்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி ஜார்ஜ் ஃபிரீடல். சிறைப்பட்ட குளோரைடு கம்பியைத் தீண்டாது. ஆனால் எல்லாக் கலவைகளும் ஒன்றல்ல. வெறும் சிலிக்காத் தூள் நுண்துளைகளை அடைக்குமே தவிர, குளோரைடைப் பற்றும் சக்தியைக் குறைத்துவிடும்.

ஸ்மீட்டன் 1792-ல் காலமானார். அவர் கட்டிய விளக்கம் நூறாண்டுகளுக்கு மேல் மாலுமிகளைக் காத்தது. முடிவில் தளர்ந்தது கோபுரமல்ல, அதைத் தாங்கிய பாறை! 1882-ல் புதிய விளக்கம் எழுந்ததும், பழையதன் மேற்பகுதியைப் பெயர்த்துப் பிளிமத் கரையில் நிறுத்தினார்கள். அடிப்பகுதி இன்றும் அலைகளின் நடுவே அசையாமல் நிற்கிறது.